செம்புத் துகள் கலந்த குளிர்விப்பு எண்ணெய்: பாயான் லெப்பாஸில் ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு குறைக்கடத்தித் தொழிற்சாலைக்கு விற்பனைக்கு வந்த குளிர்விப்பு எண்ணெயைப் பற்றியது இந்த ஆய்வு. அந்த எண்ணெயில் ஏறத்தாழ 10 நானோமீட்டர் விட்டமுள்ள செம்புத் துகள்கள், மொத்தக் கன அளவில் 1 சதவீதம் என்ற கணக்கில், கலந்திருந்தன. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு 400 வாட் அளவில் இருக்கிறது. எண்ணெயுடையது அதே அலகில் சுமார் 0.13. மூவாயிரம் மடங்கு சிறந்த கடத்தியைக் கலந்தால் எண்ணெயும் மேம்படத்தானே வேண்டும் என்பது விற்பனையாளரின் வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. விலையோ சாதாரண எண்ணெயைப் போலப் பல மடங்கு.

1972-இல் தடையற்ற தொழில் மண்டலமாகத் தொடங்கிய பாயான் லெப்பாஸில் சிப்களைப் பொருத்திச் சோதிக்கும் வேலை இன்றும் பெருமளவில் நடக்கிறது. அதில் பர்ன்-இன் என்ற கட்டம் ஒன்று உண்டு. சிப்பை உயர்ந்த வெப்பநிலையிலும் மின்னழுத்தத்திலும் நீண்ட நேரம் ஓடவிட்டு, சீக்கிரமே பழுதாகக் கூடியவற்றைக் கழித்துவிடுவார்கள். அதிக மின்திறன் கொண்ட சிப்கள் தாமே கடுமையாகச் சூடேறுவதால், குறித்த வெப்பநிலையில் அவற்றை நிறுத்தத் திரவக் குளிர்விப்பு தேவைப்படுகிறது. எண்ணெய் வாங்கும் பேச்சு வந்தது இந்த இடத்தில்தான்.

சோதனைப் பிரிவின் மூத்த பொறியாளரை எங்கள் வட்டத்தில் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். பினாங்கில் அறிவியல், பொறியியல் படித்த தமிழர்கள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ்டவுனில் கூடிப் பேசுவது வழக்கம். அங்கே அவர் விளம்பரத் தாளை மேசையில் வைத்தார். வெப்பப் பொறியியல் கற்பிப்பவன் என்பதால் தாள் முதலில் என்னிடம் வந்தது. அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் மூலக்கூறு இயக்கவியலில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு மாணவி அதை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு, துகள்களின் மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

“எனக்கு எண் வேண்டாம், தங்கச்சி. கடத்துதிறன் கூடுமா குறையுமா, அதை மட்டும் சொன்னால் போதும்” என்றார் அண்ணன்.

“மேற்பூச்சு என்னவென்று தெரியாமல் அதைக்கூடச் சொல்ல முடியாது, அண்ணா.”

எங்கள் ஆய்வு முழுவதும் இந்தப் பதிலின் விரிவாகவே அமைந்தது.

எல்லையில் விழும் வெப்பநிலைப் படி

வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, இரண்டும் தொடும் இடத்தில் வெப்பநிலை ஒரே சீராக இறங்குவதில்லை. அங்கே சட்டென்று ஒரு படி விழுகிறது. 1941-இல் பியோத்தர் கபிட்சா மிகுபாய்மத் திரவ ஹீலியத்துக்கும் திண்மத்துக்கும் இடையில் இந்தப் படியை அளந்தார். ஒலி அலைகள் பொருத்தமில்லாத எல்லையில் மோதித் திரும்புவதைக் கொண்டு 1952-இல் கலாட்னிகோவ் அதற்கு விளக்கம் தந்தார். திண்மத்தில் வெப்பத்தைச் சுமப்பதில் அணுக்களின் அதிர்வுக்குப் பங்கு உண்டு. அந்த அதிர்வு மறுபக்கத்தில் தனக்கு ஒத்த அதிர்வைக் காணாவிட்டால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அறை வெப்பநிலையில் உலோகமும் சாதாரணத் திரவமும் தொடும் இடத்திலும் இதே தடை இருக்கிறது. ஆனால் மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட் வெளியேற்றும் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் குளிர்விப்புத் தகட்டுக்கும் திரவத்துக்கும் இடையே இடைமுகக் கடத்தம் (தொடும் எல்லையில் விழும் படியின் ஒவ்வொரு கெல்வினுக்கும் அதைக் கடக்கும் வெப்பம்) ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு 130 மெகாவாட் என்றால், அங்கே விழும் படி 0.01 கெல்வினைக்கூட எட்டாது. கடத்தம் மிக மோசமாக 5 மெகாவாட் என்றாலும் 0.2 கெல்வின்தான். திரவத்தின் ஓட்டத்தில் பல பத்து கெல்வின் இழக்கும் அமைப்பில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆகவே தகட்டைப் பொறுத்தவரை இடைமுகத் தடை என்ற பேச்சே தேவையில்லை. அண்ணனின் குழுவில் ஒருவர் தகட்டுக்குத் தங்க முலாம் பூசினால் பயன் உண்டா என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி இதோடு முடிந்தது.

துகளின் கதை வேறு. திரவத்தின் கடத்துதிறனை இடைமுகக் கடத்தத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். அதைக் கபிட்சா நீளம் என்கிறோம். எல்லை ஏற்படுத்தும் தடை எத்தனை நானோமீட்டர் திரவத்துக்குச் சமம் என்பதை அது காட்டுகிறது. துகளின் ஆரம் அந்த நீளத்தைவிடப் பெரிதாக இருந்தால் துகள் திரவத்துக்கு உதவும். சிறிதாக இருந்தால், உள்ளே இருப்பது செம்பானாலும் வெள்ளியானாலும், வெப்பம் அதைச் சுற்றிக்கொண்டு போகும். வெப்ப ஓட்டத்தில் அந்தத் துகள் ஒரு வெற்றிடம் போல நிற்கும். ஹாசல்மன், ஜான்சன் இருவரும் 1987-இல் எழுதிய சமன்பாடு சொல்வது இதுதான். உலோகம் கலந்தும் கடத்துதிறன் குறைய முடியும் என்பதை அண்ணன் முதலில் ஏற்கவில்லை. சமன்பாட்டைத் தம் கையாலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் ஏற்றார்.

அளவீடுகள் சொல்வது

கேஹில், பிரவுன் ஆகியோரின் குழு 2002-இல் நானோ துகள்களை லேசர் துடிப்பால் சூடாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தது. துடிப்பு ஒரு பிக்கோவினாடிக்கும் குறைவான காலமே நீடிக்கும். நீரில் சிட்ரேட் பூச்சோடு மிதந்த பிளாட்டினத் துகளுக்கு இடைமுகக் கடத்தம் 130 மெகாவாட் என்று கிடைத்தது. டொலுயீனில் ஆல்கேன் தயோல் (ஒரு முனையில் கந்தகம் கொண்ட கார்பன் சங்கிலி) பூச்சோடு மிதந்த தங்க-பலேடியக் கலவைத் துகளுக்கு 5 மெகாவாட் மட்டுமே கிடைத்தது. இரண்டும் நானோ உலோகத் துகள்கள், இரண்டும் திரவத்தில் மிதப்பவை. ஆனாலும் இடையில் இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வேறுபாடு.

பினாங்கு எண்ணெயும் டொலுயீனைப் போல ஹைட்ரோகார்பன்தான், கடத்துதிறனும் கிட்டத்தட்ட அதேதான். 5 மெகாவாட் என்று வைத்தால் கபிட்சா நீளம் 26 நானோமீட்டர். துகளின் ஆரம் 5. சமன்பாட்டில் போட்டால், 1 சதவீதத் துகளுக்கு எண்ணெயின் கடத்துதிறன் 1.1 சதவீதம் குறைகிறது. அதே சமன்பாட்டில் 100 மெகாவாட் என்று போட்டால் நீளம் 1.3 நானோமீட்டராகச் சுருங்கி, கடத்துதிறன் 1.5 சதவீதம் கூடுகிறது. இடைமுகத் தடையே இல்லை என்று வைத்தாலும் 3 சதவீதத்துக்கு மேல் போக வழியில்லை.

விளம்பரத் தாளோ 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வை மேற்கோள் காட்டியிருந்தது. எத்திலீன் கிளைக்காலில் 0.3 சதவீதம் செம்புத் துகள் கலந்ததும் கடத்துதிறன் 40 சதவீதம் உயர்ந்தது என்று ஈஸ்ட்மன், சோய் ஆகியோரின் குழு அறிவித்த முடிவு அது. அந்த ஆய்வு உண்மையாகவே வெளிவந்தது, துறையையே உலுக்கியது. ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. உலகின் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரித் திரவங்களைப் பகிர்ந்து அளந்து 2009-இல் கூட்டாக முடிவை வெளியிட்டன. அந்த அளவீட்டில் அசாதாரண உயர்வு எதுவும் தென்படவில்லை. கிடைத்த எண்கள் பழைய கலவைச் சமன்பாடுகளோடு ஒத்துப்போயின. 2001-ஐச் சொல்லிவிட்டு 2009-ஐச் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன்.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகச் சேர்ந்தால் கடத்துதிறன் இன்னும் கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வகங்களில் உயர்வு அதிகமாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் சங்கிலி சேர்ந்த எண்ணெய் தடிக்கும், பம்ப் திணறும், குறுகிய வழிகளில் அடைப்பு வரும். பர்ன்-இன் பலகைகளின் நுண்குழாய்களுக்கு அது ஆகாது.

உருவகப்படுத்தல் ஏன் வேண்டியிருந்தது

வாங்க வேண்டாம் என்று சொல்ல மேலே உள்ள கணக்கே போதும். 3 சதவீத உச்சவரம்புக்குப் பல மடங்கு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் அண்ணன் கேட்டது கூடுமா குறையுமா என்பது. 5 மெகாவாட்டுக்கும் 100 மெகாவாட்டுக்கும் நடுவில் குறி மாறுகிறது. விற்பனையாளரைக் கேட்டபோது, செம்புத் துகள்களின் மேல் டோடெக்கேன் தயோல் பூசப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பூச்சு வெப்பத்துக்கு வழிவிடுமா, வழிமறிக்குமா? இதைச் சொல்ல மூலக்கூறு அளவில்தான் பார்க்க வேண்டும்.

மாணவி அமைத்த மாதிரி இப்படி: நடுவில் செம்புப் படிகத் தகடு, இருபுறமும் ஹைட்ரோகார்பன் திரவம், எல்லாத் திசைகளிலும் மீண்டும் மீண்டும் தொடரும் எல்லை நிபந்தனை. உண்மையான எண்ணெய் பல மூலக்கூறுகளின் கலவை என்பதால் அதற்குப் பதில் டோடெக்கேனை வைத்தார். அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடச் செம்புக்கு உட்பொதிந்த அணு முறை ஆற்றல் சார்பு, திரவத்துக்கு ஒவ்வொரு ஹைட்ரஜனையும் தனியே கணக்கிடும் விசைப்புலம், உருவகப்படுத்தலை ஓட்டுவதற்கு லாம்ப்ஸ் மென்பொருள்.

வெப்பத்தைச் செலுத்துவதற்கு 1997-இல் முல்லர்-பிளாத்தே முன்வைத்த தலைகீழ் முறை கைகொடுத்தது. வழக்கமாக வெப்பநிலை வேறுபாட்டைத் திணித்து ஓட்டத்தை அளப்போம். இந்த முறையில் ஓட்டத்தைத் திணித்து வெப்பநிலை வேறுபாட்டை அளக்கிறோம். குளிர்ந்த பகுதியில் மிக வேகமாக ஓடும் அணுவின் திசைவேகத்தையும், சூடான பகுதியில் மிக மெதுவாக ஓடும் அணுவின் திசைவேகத்தையும் இடம் மாற்றுவது மூல முறை. அப்படி மாற்ற இரண்டு அணுக்களும் ஒரே நிறை கொண்டவையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் உலோகமும் மறுபக்கம் கரிம மூலக்கூறும் இருக்கும்போது அது நேராக நடக்காது. இந்தச் சிக்கலுக்காகவே குவாங்கும் கெசல்டரும் பகுதி முழுவதன் திசைவேகங்களையும் அளவிட்டு மாற்றும் முறையை உருவாக்கினார்கள். மொத்த ஆற்றலும் உந்தமும் அதில் மாறாமல் நிற்கின்றன. எங்கள் மாதிரிக்கும் அந்தப் போக்கையே பின்பற்றினோம்.

எவ்வளவு ஓட்டத்தைத் திணிப்பது என்பதில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிகாவாட் என்று வைத்தால், கடத்தம் 100 மெகாவாட்டாக இருக்கும் எல்லையில் 10 கெல்வின் படி நன்றாகவே தெரியும். ஆனால் திரவத்துக்குள் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் ஏறத்தாழ 8 கெல்வின் சரியும். சில நானோமீட்டர் தடிமன் உள்ள திரவத்திலேயே இரண்டு முனைகளுக்கும் இடையே பல பத்து கெல்வின் வேறுபாடு வந்துவிடும். இரண்டு முனைகளிலும் திரவத்தின் அடர்த்தி வேறு வேறாக இருந்தால், கிடைக்கும் கடத்தம் எந்த வெப்பநிலைக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டத்தைக் குறைத்தால் படி வெப்ப இரைச்சலில் மூழ்கிப் போகும். இதற்கு ஒரே வழி, ஓட்டத்தைக் குறைத்து, நீண்ட நேரம் ஓடவிட்டுச் சராசரி எடுப்பது. பிறகு அந்த ஓட்டத்தையும் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். கடத்தம் மாறாமல் நின்றால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அடுத்தது எல்லையை எங்கே வைப்பது என்ற கேள்வி. உலோகத்தை ஒட்டிய திரவம் கலைந்து கிடக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக நிற்கிறது. அந்த அடுக்குகளைச் சேர்த்து நேர்கோடு வரைந்தால் படி சிறிதாகத் தெரியும், விட்டுவிட்டால் பெரிதாகத் தெரியும். பூச்சும் இருக்கும்போது செம்பு-கந்தகம், கந்தகம்-சங்கிலி, சங்கிலி-திரவம் என்று பல எல்லைகள் வரிசையாக வருகின்றன. எதை இடைமுகம் என்று எடுத்துக்கொண்டோம் என்பதைச் சொல்லாமல் கடத்தத்தின் எண்ணை மட்டும் தரும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

பூச்சு செய்யும் வேலை

தங்க அணுக்களின் அதிர்வு 5 டெராஹெர்ட்ஸ் (வினாடிக்கு ஐந்து லட்சம் கோடி அதிர்வுகள்) அளவில் முடிந்துவிடுகிறது. செம்பில் அது ஏறத்தாழ 7.5 வரை போகும். எண்ணெய் மூலக்கூறின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்போ 90 டெராஹெர்ட்ஸை ஒட்டி அதிர்கிறது. சங்கிலி வளைவதும் முறுகுவதுமான மெதுவான அசைவுகள்தான் உலோகத்தின் அதிர்வோடு ஒத்துப்போகக் கூடியவை. பூச்சில்லாத உலோகத்துக்கும் எண்ணெய்க்கும் இடையில் இருப்பது வலுவற்ற ஈர்ப்பு மட்டுமே. 2003-இல் ஷூ, கெப்ளின்ஸ்கி குழு மாதிரித் திரவங்களைக் கொண்டு இதைத் தெளிவாகக் காட்டியது. திரவம் திண்மத்தை நனைக்காத நிலையில், பிணைப்பு சற்றே வலுத்தாலும் தடை அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. நன்றாக நனைக்கும் நிலையில் அந்த மாற்றம் மிதமாகிவிடுகிறது.

தயோல் பூச்சு இங்கே ஓர் இடைத்தரகர் போல வேலை செய்கிறது. அதன் கந்தகம் உலோகத்தோடு உண்மையான வேதிப் பிணைப்பு கொள்கிறது. அதனால் உலோகத்தின் அதிர்வு பூச்சுக்குள் இறங்க வழி கிடைக்கிறது. பூச்சின் வால் எண்ணெய் மூலக்கூறைப் போன்றதே ஆதலால், அங்கிருந்து எண்ணெய்க்குள் போவதும் எளிது. தங்கத்தின் மேல் பியூட்டேன் தயோல் பூசி, கரிமக் கரைப்பான்களில் வைத்து, 2011-இல் குவாங்கும் கெசல்டரும் செய்த உருவகப்படுத்தலின் முடிவு இதுதான்: பூச்சு கடத்தத்தைப் பெரிதும் உயர்த்துகிறது. அந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இன்னொன்று. பூச்சு அடர்த்தியாகக் கூடக் கூடக் கடத்தம் ஏறிக்கொண்டே போகவில்லை. மிதமான பூச்சில், சங்கிலிகளுக்கு இடையிலான இடைவெளிக்குள் கரைப்பான் மூலக்கூறுகள் நுழைந்து, வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகின்றன. பரப்பு முழுவதும் நெருக்கமாகப் பூசிவிட்டால் அந்தப் போக்குவரத்துக்கு வழி இல்லை.

செம்பு-டோடெக்கேன் மாதிரியில் மாணவிக்குக் கிடைத்ததும் அதே போக்குதான். வெறும் செம்பில் படி ஒரே இடத்தில் செங்குத்தாக விழுந்தது. பாதிப் பூச்சில் அது பல சிறு படிகளாகச் சிதறியது. முழுப் பூச்சில் சங்கிலிகள் நிமிர்ந்து நின்று திரவத்தை வெளியே நிறுத்தின, சங்கிலி-திரவ எல்லையில் படி மறுபடி வளர்ந்தது.

விற்பனையாளர் எதைத் தருகிறார்? முழுப் பூச்சைத்தான். காரணமும் நியாயமானது. பூச்சு குறைந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், செம்பு சீக்கிரமே ஆக்சைடாகும். பினாங்கின் ஈரக்காற்றில் திறந்து மூடும் தொட்டியில் அது இன்னும் விரைவாக நடக்கும். எண்ணெயில் துகள் நிலைத்து மிதக்க வேண்டும் என்றால் நெருக்கமான பூச்சு வேண்டும், வெப்பம் நன்றாகக் கடக்க வேண்டும் என்றால் தளர்ந்த பூச்சு வேண்டும். இந்த இழுபறி அந்த எண்ணெயின் பிறப்பிலேயே இருக்கிறது.

உருவகப்படுத்தலை எவ்வளவு நம்பலாம்

கணினியில் வரும் கடத்தம் பெரும்பாலும் ஆய்வகத்தில் அளப்பதைவிட உயர்ந்தே இருக்கும். முதல் காரணம், கணினியில் உள்ள பரப்பு குறையற்ற படிகம். அங்கே ஆக்சைடு இல்லை, அழுக்கு இல்லை, துகளின் முனைகளும் மடிப்புகளும் இல்லை. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இந்த உருவகப்படுத்தல் நியூட்டனின் விதிகளில் ஓடுகிறது. அதில் எல்லா அதிர்வுகளும் சமமாக ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உண்மையில் 90 டெராஹெர்ட்ஸ் அதிர்வு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ உறங்கியே கிடக்கிறது. அதைத் தட்டியெழுப்பும் ஆற்றல் அறையின் வெப்ப ஆற்றலைவிடப் பத்து மடங்குக்கும் மேல். ஆகவே ஒவ்வொரு ஹைட்ரஜனையும் தனியே கணக்கிடும் மாதிரி, நடைமுறையில் பங்கெடுக்காத அதிர்வுகளுக்கும் வெப்பத்தில் பங்கு கொடுத்துவிடுகிறது. ஹைட்ரஜனைக் கார்பனோடு சேர்த்து ஒரே உருண்டையாக்கும் எளிய மாதிரியில் இந்தப் பிழை குறைகிறது. ஆனால் அதில் பூச்சின் நுட்பமும் கொஞ்சம் போய்விடுகிறது. இரண்டையும் ஓட்டி இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்வதே முறை என்பது என் கருத்து.

மூன்றாவதாக, இந்த மாதிரியில் எலக்ட்ரான்கள் இல்லை. செம்பின் கடத்துதிறனில் பெரும்பங்கைச் சுமப்பவை எலக்ட்ரான்கள்தான். அவற்றை நீக்கினால் கணினிச் செம்பு பலவீனமான கடத்தியாகிவிடுகிறது. படியை எல்லையில் மட்டும் அளப்பதால் இது முடிவைக் குலைக்காது. ஆயினும் உண்மைத் துகளில் எலக்ட்ரான்கள் தம் வெப்பத்தை முதலில் அணு அதிர்வுகளுக்குக் கொடுத்த பிறகே திரவத்துக்குப் போக முடியும் என்பதால், அந்தக் கைமாற்றத்தின் தடையும் கணக்கில் சேர வேண்டும். அது கடத்தத்தை இன்னும் சற்றுக் குறைக்குமே தவிர, கூட்டாது.

மூன்று திருத்தங்களும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. கணினி தந்த எண் ஒரு மேல்வரம்பு, அளவீட்டில் கிடைத்த 5 மெகாவாட் அஞ்சத்தக்க கீழ்வரம்பு. அந்த இரண்டுக்கும் இடையில் எங்கே நின்றாலும் 1 சதவீதத் துகள் கலந்த எண்ணெயின் மாற்றம், 1.1 சதவீதக் குறைவுக்கும் 3 சதவீத உயர்வுக்கும் இடையே முடங்கிவிடுகிறது. பாகுத்தன்மை கூடுவதால் அதே பம்ப் குறைவான எண்ணெயைத்தான் தள்ளும். ஓட்டம் குறைந்தால் தகட்டில் வெப்பம் எடுக்கும் திறனும் குறையும். அந்த இழப்பு மேலே சொன்ன ஆதாயத்தைத் தின்றுவிடும்.

அண்ணன் எண்ணெயை வாங்கவில்லை. சாதாரண எண்ணெயையே வைத்துக்கொண்டு, தகட்டின் வாய்க்கால்களை மாற்றி வெட்டி, ஓட்டத்தைக் கூட்டுவதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதினார். விற்பனையாளரிடம் மூன்று தகவல்களை எழுத்தில் கேட்டார்: துகளின் ஆரம், பூச்சின் வகையும் அடர்த்தியும், 40 பாகை செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மை. முதலாவதுக்கு மட்டும் பதில் வந்தது. மாணவி இப்போது அதே மாதிரியில் செம்புக்கும் தயோலுக்கும் இடையே மெல்லிய ஆக்சைடு அடுக்கு ஒன்றைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.